குடியிருக்கும் தெருவுக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உடல் பருமன் சில புற்றுநோய்களுக்கு வழிவிடுகிறது, அந்தப் பருமனுக்கு நாம் குடியிருக்கும் இடமும் ஒரு காரணம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்தன. பல பேர் கேட்டதைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

துரித உணவுக் கடைகள் அதிகமுள்ள இடத்தில் இருந்தால் புற்றுநோய் 77 சதவீதம் கூடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் தெருவில் பிரியாணிக் கடை, ஃப்ரைடு ரைஸ் கடை, பேக்கரி, ஷவர்மா கடை என்று வரிசையாக இருக்கின்றன. வீட்டையே மாற்ற வேண்டுமா?
வாசகி, திருச்சி

வேண்டாம். அந்த 77 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 2023-இல் 'ஜாமா ஆங்காலஜி' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மால்கம் பெவல் குழுவினர் செய்தது. அந்த நாட்டின் 3,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகளை (நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்) எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஃபாஸ்ட் ஃபுட் கடைகளும் சிப்ஸ், சோடா விற்கும் சின்னக் கடைகளும் எத்தனை, காய்கறி மளிகைக் கடைகளும் உழவர்கள் நேரடியாக விற்கும் சந்தைகளும் எத்தனை என்று எண்ணி, முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தார்கள். விடை பெரிதாக வரும் இடத்துக்கு ஆய்வாளர்கள் 'ஃபுட் ஸ்வாம்ப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதாவது நல்ல சாப்பாட்டுச் சாமான் கிடைக்கும் கடைகளை மற்றக் கடைகள் அமுக்கிவிட்ட இடம். பிறகு 2010 முதல் 2020 வரை பருமனோடு தொடர்புள்ள புற்றுநோய்களால் எங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கோடு இதைப் பொருத்திப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட கவுன்டி, அந்த மரணங்கள் அதிகமுள்ள கவுன்டிகளின் கூட்டத்தில் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 77 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இது முழுக்க முழுக்க கவுன்டிகளை வைத்துப் போட்ட கணக்கு. இறந்தவர் ஒவ்வொருவரும் என்ன சாப்பிட்டார், எத்தனை வருடம் அங்கே இருந்தார், புகைபிடித்தாரா என்றெல்லாம் அதில் கிடையாது. ஏழைக் கவுன்டியில் மருத்துவ வசதியும் குறைவாகத்தான் இருக்கும், நோயைத் தாமதமாகக் கண்டுபிடித்தாலும் மரணம் கூடும். ஆகவே உங்கள் வீட்டு வாசலில் ஷவர்மா கடை இருப்பதால் உங்களுக்கு ஆபத்து 77 சதவீதம் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் அது தப்பு. ஆனால் அந்த ஆய்வை அப்படியே தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் வேறு வழியில் பார்த்தவர்களுக்கும் அதே திசையில்தான் விடை வந்திருக்கிறது.

தனி மனிதர்களைப் பல வருடம் கவனித்து, புற்றுநோய் வந்ததா என்று பார்த்த ஆய்வு இருக்கிறதா?
கல்லூரி மாணவர், கோவை

இருக்கிறது. நியூயார்க் நகரில் 1985 முதல் 1991 வரை மார்பகப் பரிசோதனைக்கு வந்த பெண்களை ஒரு நீண்ட ஆய்வில் சேர்த்தார்கள், அவர்களில் 14,274 பேரின் விவரங்களை வைத்து 2023-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஏறக்குறைய முப்பது வருடத் தொடர்ச்சி. ஒவ்வொருவரும் எந்தெந்த முகவரியில் குடியிருந்தார்கள் என்று பார்த்து, அந்த இடம் எவ்வளவு நடக்கத் தோதானது, கடை கண்ணி, பள்ளிக்கூடம், பூங்கா எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறதா என்று மதிப்பெண் கொடுத்தார்கள். அதிக மதிப்பெண் வாங்கிய கால்பங்கு இடங்களில் வாழ்ந்த பெண்களுக்கு, மிகக் குறைவாக வாங்கிய கால்பங்கில் வாழ்ந்தவர்களைவிடப் பருமன் தொடர்பான புற்றுநோய்கள் 26 சதவீதம் குறைவாக வந்தன. மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய், மல்டிபிள் மயலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய்) ஆகியவற்றில் அந்த வித்தியாசம் தெரிந்தது. வறுமை அதிகமுள்ள பகுதிகளில் வாழ்ந்த பெண்களுக்கு இந்தப் பலன் இன்னும் கூடுதலாகக் கிடைத்தது என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. ஜிம்முக்குக் கட்டணம் கட்ட முடியாதவருக்கு ஒழுங்கான நடைபாதைதான் ஜிம்.

நடக்கப் பிடித்தவர்களே அப்படிப்பட்ட இடத்தைத் தேடிக் குடிபோயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், கீழே வருகிறேன்.

தெருவிலிருந்து உடம்புக்குள் புற்றுநோய் எப்படிப் போகும்? புகையோ ரசாயனமோ என்றால் புரிகிறது, இது புரியவில்லை.
வாசகர், எடிசன், நியூஜெர்சி

தெரு நேராகச் செல்லைக் கெடுப்பதில்லை. நடுவில் வருடக்கணக்கில் சேரும் கொழுப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2016-இல், கூடுதல் உடற்கொழுப்பு 13 வகைப் புற்றுநோய்களுக்குக் காரணமாகிறது என்று முடிவுக்கு வந்தது: உணவுக்குழாயில் ஒரு வகை, இரைப்பையின் மேல்வாய், பெருங்குடல், கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், தைராய்டு, கருப்பை, சினைப்பை, மாதவிடாய் நின்ற பின் மார்பகம், மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா, அப்புறம் மயலோமா.

கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை என்று பல பேர் நினைக்கிறார்கள். அது வேலை செய்யும் உறுப்பு. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும், ஆனால் கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வேறு ஹார்மோன்களை எடுத்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். கொழுப்பு அதிகமென்றால் அந்த ஈஸ்ட்ரோஜனும் அதிகம், கருப்பையின் உள் சவ்வையும் மார்பகத் திசுவையும் வளரச்சொல்லித் தூண்டுவது அதுதான். இந்த 13-இல் பருமனோடு மிக இறுக்கமான தொடர்பு கருப்பைப் புற்றுநோய்க்கு இருப்பதற்கு இதுவே காரணம். இன்னொரு பக்கம் ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் தூக்கலாகவே இருக்கும், அது செல்களைப் பெருகச் சொல்லும், சாக வேண்டிய செல்லைச் சாக விடாது. மூன்றாவது, கொழுப்புத் திசுவில் அணையாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி. கல்லீரலில் கொழுப்பு படிந்து, அழன்று, தழும்பாகி, சில பேருக்குப் புற்றுநோயில் முடிவது இந்த வழியில்தான்.

எடையைத் தொடாத வழிகளும் உண்டு. உடலுழைப்பு, எடை குறையாவிட்டால்கூட, பெருங்குடல், மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கிறது. பதப்படுத்திய இறைச்சி, அதாவது சாசேஜ், பேக்கன், ஹாட்டாக் வகையறா, பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அதே முகமை 2015-இல் அறிவித்தது. உங்கள் ஊரில் பெட்ரோல் பங்க் கடைக்குள் நுழைந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் உருண்டுகொண்டிருக்குமே, அதுதான்.

எல்லாம் வாய்க்கட்டுப்பாடு இல்லாததால் வருவது. ஒரே தெருவில் ஒருவர் ஒல்லியாக இருக்கிறார், ஒருவர் குண்டாக இருக்கிறார். தெரு என்ன செய்யும்?
வாசகர், சேலம்

உங்கள் கேள்விக்குத்தான் இந்த இதழில் அதிக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் இந்த எண்ணம் நிறைய நோயாளிகளை வெட்கப்பட வைத்து, மருத்துவரிடம் போகவே தயங்க வைக்கிறது.

ஒரே தெருவில் இருவர் இரண்டு விதமாக இருப்பது உண்மை. மரபணு, வேலை, தூக்கம், மருந்து, மன அழுத்தம் எல்லாம் அதில் வரும். ஆனால் நாம் கேட்க வேண்டியது, அதே மனிதரை வேறு தெருவுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பது. அதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், மிக ஏழ்மையான பகுதிகளின் அரசுக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களிடையே குலுக்கல் போட்டது. ஒரு பிரிவினருக்கு வறுமை 10 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள பகுதியில் மட்டும் வாடகைக்குப் போகும்படி உதவிச் சீட்டு, இன்னொரு பிரிவினருக்கு எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற சீட்டு, மூன்றாவது பிரிவினருக்கு இந்தச் சீட்டு எதுவும் இல்லை. மொத்தம் 4,498 பெண்கள். யாருக்கு எந்தச் சீட்டு என்பதைக் குலுக்கல்தான் தீர்மானித்தது, ஆகவே கட்டுப்பாடு உள்ளவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் போய்விட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. மேலே சொன்ன அந்தச் சந்தேகத்துக்கும் இதுதான் பதில்.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து அவர்களைத் தேடிப் போய் எடை, உயரம் அளந்து, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், 2011-இல் முடிவு வெளியானது. சீட்டு கிடைக்காதவர்களில் 35.5 சதவீதம் பேருக்குப் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 35-ஐத் தாண்டியிருந்தது, வறுமை குறைந்த பகுதிக்கான சீட்டு கிடைத்தவர்களில் அது ஏறக்குறைய நாலரை புள்ளி குறைவு. நீரிழிவு அளவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தவர்களிலும் கிட்டத்தட்ட அதே வித்தியாசம். இத்தனைக்கும் சீட்டு கிடைத்தவர்களில் பாதிப் பேர்தான் அதைப் பயன்படுத்திக் குடிமாறினார்கள். யாரும் அவர்களுக்கு டயட் சொல்லிக்கொடுக்கவில்லை, நடைப்பயிற்சி வகுப்பு எடுக்கவில்லை. அதே பெண்கள், அதே மனக்கட்டுப்பாடு, முகவரி மட்டும் வேறு.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பி.எம்.ஐ. 30-ஐத் தாண்டியவர்களின் கணக்கில் இந்த வித்தியாசம் தெளிவாக இல்லை, மிகக் கடுமையான பருமனில்தான் தெரிந்தது. அந்தக் கட்டுரை புற்றுநோயை அளக்கவும் இல்லை. ஆனால் கருப்பைப் புற்றுநோய் ஆபத்து எகிறுவதும் அந்தக் கடுமையான பருமனில்தான்.

அமெரிக்காவில் ஏழைகள் இருக்கும் பகுதியில் மட்டும் ஏன் இப்படி?
ஆசிரியை, தஞ்சாவூர்

1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று நகரங்களை வரைபடத்தில் நிறம் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் குறித்து, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று எழுதி வைத்தார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட பகுதிகளில் பல பத்தாண்டுகள் கடன் கிடைக்கவில்லை, முதலீடும் வரவில்லை. போருக்குப் பிறகு வெள்ளையர்கள் புறநகருக்குப் போனபோது சூப்பர் மார்க்கெட்டுகளும் அவர்கள் பின்னாலேயே போயின, கறுப்பின மக்கள் வாழ்ந்த நகர்ப்பகுதிகளின் நடுவே நெடுஞ்சாலைகளைப் போட்டார்கள். மிச்சமிருந்த மக்களுக்கு மிஞ்சியது மூலைக்கடை. சிப்ஸ், சோடா, சிகரெட், லாட்டரிச் சீட்டு, பின்னால் ஒரு குளிர்பெட்டியில் பால், கல்லா பக்கத்தில் ஒற்றை ஒற்றையாக விற்கும் வாழைப்பழம், அவ்வளவுதான். கார் இல்லாதவர் இரண்டு பஸ் மாறிப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறித் திரும்ப வேண்டும். வேலை முடிந்து வந்த தாய் அதை வாரம் முழுக்கச் செய்யவில்லை என்பதற்காக அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படியானால் ஃபாஸ்ட் ஃபுட் கடைகளைத் தடை செய்துவிட்டு சூப்பர் மார்க்கெட் திறந்தால் சரியாகிவிடுமே?
வாசகர், சென்னை

அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். 2008-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சி, நகரின் தெற்குப் பகுதியில் புதிதாகத் தனிக் கட்டடத்தில் ஃபாஸ்ட் ஃபுட் கடை திறக்கத் தடை போட்டது. நாடே அதைப் பேசியது. ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் பின்னர் கணக்கெடுத்து 2015-இல் வெளியிட்டபோது, தடை போட்ட பகுதியில் பருமன் குறையவே இல்லை, கூடித்தான் இருந்தது. காரணம் சட்டத்தைப் படித்தாலே தெரியும்: ஏற்கெனவே இருந்த கடைகளை அது தொடவில்லை, வணிக வளாகத்துக்குள் திறப்பதைத் தடுக்கவில்லை, அங்கே பெருகியிருந்த மூலைக்கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிலடெல்பியாவில் கடை இல்லாத பகுதியில் ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்து, அந்தப் பகுதி மக்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2014-இல் வந்த முடிவு: காய்கறி கிடைப்பது சுலபமாகியிருக்கிறது என்று மக்கள் சொன்னார்கள், ஆனால் சாப்பிடும் காய்கறியின் அளவும் எடையும் மாறவில்லை. பிட்ஸ்பர்கில் ஹில் என்ற பகுதியில் 2013-இல் கடை திறந்தபோது, அங்கிருந்தவர்களின் உணவு கொஞ்சம் மேம்பட்டது, சர்க்கரை குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் அதில் வித்தியாசமே இல்லை. பகுதிக்கே ஒரு கவனிப்பும் முதலீடும் வந்தது மக்களை மாற்றியிருக்கலாம் என்பது என் ஊகம்.

எனக்குப் பிடித்த முயற்சி நியூயார்க்கினுடையது. 2008-இல் அந்த நகரம், காய்கறி பழம் மட்டுமே விற்கும் தள்ளுவண்டிகளுக்கு 1,000 அனுமதி தருவதாகச் சட்டம் போட்டது, அதுவும் காய்கறி கிடைக்காத பகுதிகளில்தான் நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. கடை கட்டி, மக்கள் வரட்டும் என்று காத்திருக்காமல், மக்கள் நடக்கிற வழியிலேயே சாமானைக் கொண்டுபோய் நிறுத்துவது. கடை, விலை, நேரம், நடைபாதை நான்கையும் சேர்த்துத் தொடாமல் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பலனை எதிர்பார்த்தால் பிலடெல்பியா கதைதான்.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் பொருந்துமா?
வாசகி, மதுரை

அப்படியே பொருந்தாது. அமெரிக்காவில் பருமன் ஏழைப் பெண்களை அதிகம் பிடிக்கிறது, நம் நாட்டில் இன்றும் வசதி கூடக் கூடத்தான் எடையும் கூடுகிறது. நம் தெருவில் கீரைக்காரம்மாவும் இருக்கிறார், ஃப்ரைடு ரைஸ் கடையும் இருக்கிறது. நம் ஊர்களுக்கென்று செய்த பெரிய, நீண்ட ஆய்வு இல்லாமல் நியூயார்க்கின் 26 சதவீதத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டக்கூடாது.

ஆனால் எடை ஏறும் வேகத்தைப் பாருங்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பி.எம்.ஐ. 25-ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் தமிழ்நாட்டில் 2015–16-இல் 30.9 சதவீதம், 2019–21-இல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-இலிருந்து 37. ஒரு ஐந்து வருடத்துக்குள் பத்தில் ஒருவருக்கு மனக்கட்டுப்பாடு கழன்று விழுந்துவிட்டதா என்ன? சுற்றிலும் ஏதோ மாறியிருக்கிறது. சென்னையில் பெண்களுக்கு முன்பெல்லாம் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் முதலிடம், இப்போது மார்பகப் புற்றுநோய் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. தாமதமான முதல் பிரசவம், குறைந்த பிள்ளைகள் என்று அதற்குப் பல காரணங்கள், எடையும் அவற்றில் ஒன்று.

உங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1999-இல் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. பெவல் குழு 'ஆரோக்கியமான பக்கம்' என்று எண்ணிய கணக்கில் உழவர்கள் நேரடியாக விற்கும் சந்தையும் இருந்ததைக் கவனித்தீர்களா? அதேபோல் சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. கொள்கை காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. பாண்டி பஜாரில் நடக்கலாம், பக்கத்துத் தெருவில் டிரான்ஸ்பார்மர், நிறுத்தி வைத்த பைக், மழைநீர் வடிகால் மூடி, இவற்றைத் தாண்டிச் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் நடைபாதை கேட்டு மனு கொடுத்தால், அதைப் புற்றுநோய்த் தடுப்பு மனு என்றே நினைத்துக் கொடுங்கள், நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

நான் ஒல்லி. எனக்கு இதில் கவலையில்லைதானே?
வாசகர், நாகர்கோவில்

தராசு மட்டும் போதாது. நம்மவர்களுக்கு எடை குறைவாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடும், அதனால் நம் மருத்துவர்கள் பி.எம்.ஐ. 23-லேயே கவனிக்கச் சொல்கிறார்கள். ஒரு இஞ்ச் டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, இதைத் தாண்டினால் சர்க்கரையும் கல்லீரலும் பார்த்துவிடுவது நல்லது.

இத்தனை வருடம் ஏற்றி வைத்த எடை. இனிமேல் குறைத்து என்ன ஆகப்போகிறது?
வாசகி, ஈரோடு

ஆகும். கடுமையான பருமனுக்காக எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களை, செய்துகொள்ளாத அதே மாதிரியானவர்களோடு ஒப்பிட்டு அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவமனை 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பருமன் தொடர்பான புற்றுநோய்கள் 32 சதவீதம் குறைவாக இருந்தன. எல்லாரும் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. கொழுப்பு குறைந்தால் ஆபத்தும் இறங்கும், அதற்குக் காலம் கடந்துவிடவில்லை என்பதற்குத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 63 வயது. கும்பகோணத்தில் தினமும் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் நடந்துவிடுவார். இப்போது எங்களோடு டல்லஸ் புறநகரில் இருக்கிறார். வாசலில் இறங்கினால் ஆறு வழிச் சாலை, நடைபாதை பாதியில் நின்றுவிடுகிறது, கார் இல்லாமல் எங்கும் போக முடியாது. வந்ததிலிருந்து எடை ஏறிக்கொண்டே போகிறது. என்ன செய்யலாம்?
வாசகர், டெக்சஸ்

இந்தப் பக்கத்தில் நான் சொன்ன எல்லாம் உங்கள் அம்மாவுக்கு நடந்திருக்கிறது. அவர் கும்பகோணத்தில் 'உடற்பயிற்சி' செய்ததே இல்லை, ஊர் அவரை நடக்க வைத்தது. ஆகவே "ஏன்மா சும்மாவே உட்கார்ந்திருக்கிறாய்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

காலையில் கடைகள் திறப்பதற்கு முன்பே பல மால்களில் நடக்க விடுவார்கள், வயதானவர்கள் கூட்டமாக வந்து நடப்பதைப் பார்க்கலாம். டெக்சஸ் வெயிலுக்கு அதுதான் நல்லது. வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிட்டு, அக்கம்பக்கத்தில் இருக்கும் இன்னொரு அம்மாவையும் சேர்த்துவிடுங்கள், தனியாக என்றால் நாலு நாளில் நின்றுவிடும். நூலகம், பூங்கா, கோயில் எதற்காவது நடந்து போகும்படி அமைந்த இடம் அருகில் இருந்தால், அடுத்த முறை வாடகை வீடு மாறும்போது பள்ளிக்கூட மதிப்பெண்ணோடு அதையும் பாருங்கள். மொத்தமாக வாங்கி வைக்கும் பிஸ்கட், முறுக்கு, ஜூஸ் டப்பாக்கள் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், வெளியே போக முடியாமல் வீட்டில் இருப்பவர் அதைத்தான் எடுப்பார். அதை வாங்கி வருவது நீங்கள்தான்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மாதவிடாய் நின்று வருடங்களான பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். கருப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் முதலில் தெரியவரும், அந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடும். அம்மாக்கள் இதைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள், மகளோ மருமகளோ தனியாக உட்கார்ந்து கேட்டால் நல்லது. மார்பகப் பரிசோதனையும் பெருங்குடல் பரிசோதனையும் அவர் வயதுக்கு வேண்டியவை. விசிட்டராக வந்தவர்களின் இன்சூரன்ஸ் பெரும்பாலும் இவற்றுக்குப் பணம் தராது, ஆகவே அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அங்கேயே முடித்துவிட்டு ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.